ஈரானியப் படங்களில் பெண்கள் வீட்டுக்குள்ளும் முக்காடு போட்டிருப்பது ஏன்?

இதே கேள்வியை என் அம்மா கேட்டார். 'எ செபரேஷன்' பார்த்துக்கொண்டிருந்தோம். சப்டைட்டிலை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிப் படத்தில், "ஏம்ப்பா, சொந்த வீட்டுக்குள்ள, புருஷன் முன்னாடிகூடவா முக்காட்டை எடுக்க மாட்டா?" என்றார். "அவங்க ஊர் வழக்கம்மா" என்று சொல்லிவிட்டேன். தப்பான பதில்.

வழக்கமும் அப்படி இல்லை, மதவிதியும் அப்படி இல்லை. மஹ்ரம் என்ற சொல்லை நம் முஸ்லிம் நண்பர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கணவன், அப்பா, மகன், உடன்பிறந்தவன் மாதிரியான நெருங்கிய ஆண்களைக் குறிப்பது அது, அவர்கள் முன்னால் தலையை மூடவேண்டிய தேவையே இல்லை. சிக்கல், கதையில் கணவனாக வருபவர் நிஜத்தில் அந்நிய ஆண் என்பது. அவரை விடுங்கள், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எல்லோருமே அந்நியர்கள்தான். 1979 புரட்சிக்குப் பிறகு, 80களின் தொடக்கத்தில் வந்த சினிமா விதிகள் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டன. படம் எடுக்க ஓர் அனுமதி, திரையிட இன்னோர் அனுமதி. இரண்டையும் எர்ஷாத் எனப்படும் பண்பாட்டு அமைச்சகம்தான் தரவேண்டும். ஆக, அம்மா பார்த்த முக்காடு அந்தக் கணவனுக்காகப் போட்டது இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்காகப் போட்டது.

தொடுவதற்கும் இதே கணக்குதான். அதே படத்தில் முதியவரைப் பார்த்துக்கொள்ள வரும் ராஸியே, அவர் உடையை அசுத்தம் செய்துகொண்டதும், தான் கழுவிவிட்டால் பாவமா என்று போன் போட்டு மார்க்கம் தெரிந்தவர்களிடம் கேட்பாள். கதைக்குள் அவளுக்கு இருக்கும் தயக்கம், படம் எடுப்பவருக்குச் சட்டமாகவே இருக்கிறது. இது தெரிந்தபின் அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தேன், வேறு மாதிரி இருந்தது.

இயக்குநர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அப்பாஸ் கியாரோஸ்தமி, வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணை முக்காடோடு காட்டுவது பொய் என்பதால் வீட்டுக்குள் காட்சி வைப்பதையே தவிர்த்தார். அவருடைய 'டென்' (2002) முழுக்கக் காருக்குள் நடக்கிறது. கார் என்றால் தெருதான், தெருவில் முக்காடு இயல்பு. அதில் ஓர் இளம்பெண் துணியை மெல்லத் தளர்த்துவாள். உள்ளே மொட்டைத் தலை. நம்பியவன் விட்டுப் போன துக்கம் அது. அவள் அழுதுகொண்டே சிரிப்பாள்.

ரக்ஷான் பனி எத்தெமாத் 'தி மே லேடி' (1998) படத்தில் இன்னொரு வழி பிடித்தார். வளர்ந்த மகனோடு வாழும், விவாகரத்தான ஒரு பெண்ணின் காதல் கதை. காதலனை ஒரு ஃப்ரேமில்கூடக் காட்டமாட்டார். போன், கடிதம், குரல், அவ்வளவுதான். ஆளே இல்லாதபோது எதைத் தொடுவது, எதை வெட்டுவது?

ஆனால் என் ஓட்டு பஹ்ராம் பேய்ஸாயின் 'பாஷு'வுக்கு. எடுத்து முடித்த பிறகும் 1989 வரை வெளிவராமல் கிடந்த படம். போரில் குடும்பத்தை இழந்த கறுப்புநிறச் சிறுவன் ஒருவன் தெற்கிலிருந்து ஓடி வடக்கே வயல் பக்கம் வந்து சேர்கிறான். அந்த வயலில் இருக்கும் விவசாயிப் பெண்ணின் பெயர் நாய் (சிரிக்காதீர்கள், அங்கே அது நல்ல பெயர்). ஏதோ அரவம் கேட்டு, ஃப்ரேமுக்குக் கீழேயிருந்து அவள் முகம் எழும். வாயை மறைத்து வெள்ளைத் துணி, அதற்கு மேலே இரண்டு கண்கள், நேராகக் கேமராவைப் பார்க்கும். பெண் கண்ணைத் தாழ்த்தி, பின்னணியில் டீ கொடுத்துவிட்டுப் போகவேண்டிய காலம் அது. விதிப்படி எல்லாம் மூடியிருக்கிறது, ஆனால் அந்தப் பார்வையை என்ன செய்வது? நாயாக நடித்தவர் சூசன் தஸ்லிமி. சில வருடங்களில் ஈரானில் நடிக்கவே வழியில்லாமல் அவர் ஸ்வீடனுக்குப் போய்விட்டார்.

அதனால்தான் 'கட்டுப்பாடு இருந்ததால்தான் ஈரானிய சினிமா இவ்வளவு கவித்துவமாக வந்தது' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். வந்த படங்களை வைத்துத்தானே சொல்கிறார்கள்? தஸ்லிமி அங்கே இருந்திருந்தால் நடித்திருக்கக்கூடிய படங்களை யார் எண்ணுவது? புரட்சிக்கு முந்தைய வணிகப் படங்கள் பலவற்றில் பெண் கேபரே ஆட்டக்காரியாக வந்தாள் என்பதும் உண்மைதான். அதற்கு இது மருந்து ஆகாது.

இப்போது நிலைமை மாறுகிறது, அனுமதி கேட்காமலே. 'மை ஃபேவரிட் கேக்' (2024) படத்தில் மஹீன் 70 வயது விதவை. தன் வீட்டில் தலையை மூடாமல் இருப்பாள், ஒரு டாக்சி ஓட்டுநரை வீட்டுக்கு அழைப்பாள், இருவரும் ஒயின் குடித்து ஆடுவார்கள். இயக்கிய மரியம் மொகத்தம், பெஹ்தாஷ் சனாயீஹா இருவரின் பாஸ்போர்ட்டையும் அரசு பறித்துக்கொண்டதால், பெர்லின் விழாவில் படம் ஓடியபோது அவர்கள் அங்கே இல்லை.

அம்மாவுக்கு இன்னும் அதைக் காட்டவில்லை. வசனம் நிறைய, நான்தான் முழுசாக வாய்விட்டுப் படிக்க வேண்டும்.