வீட்டிலேயே பழைய கார் எஞ்சினைப் பிரித்து வேலை செய்பவர்கள், தங்கள் தவறுகளிலிருந்து உண்மையிலேயே கற்றுக்கொள்கிறீர்களா?

கற்றுக்கொண்டேன், ஆனால் தவறு செய்த அன்றைக்கு அல்ல, பதினாறு நாள் கழித்து. நீங்களும் எஞ்சினைப் பூட்டி முடித்து, அது முரண்டுபிடிப்பதால்தான் கேட்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

என்னுடையது 948 சிசி எஞ்சின் உள்ள மோரிஸ் மைனர். வால்வு வேலைக்காக எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றியவன், கை சும்மா இராமல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து மின்பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் அதைச் சுழற்றும் பல்தண்டையும் உருவித் துடைத்துவைத்தேன். திரும்ப மாட்டும்போது முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, புல்லியின் குறி நேராக நிற்பதையும் பார்த்துத்தான் தண்டை இறக்கினேன். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் (புல்லி இருப்பது இதன் முனையில்) இரண்டு சுற்றுச் சுற்றினால்தான், வால்வுகளைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரையும் சுழற்றும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே பிஸ்டன் கலவையை அழுத்தி முடிக்கும்போது ஒருமுறையும், புகையை வெளியே தள்ளி முடிக்கும்போது இன்னொரு முறையும் அந்தக் குறி நேராக வரும். பொறி விழ வேண்டியது முதலாவதில். நான் பிடித்தது இரண்டாவதை.

எஞ்சினைக் கிளப்ப முயன்றதும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தீ சீறியது. புருவம் பொசுங்கிய நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும் நேரத்தில் பொறி விழுந்ததால், நெருப்பு உள்வரும் வழியாகவே திரும்பி வந்திருக்கிறது. எனக்கோ தீ வந்த இடமே குற்றவாளியாகத் தோன்றியது. எஸ்யூ கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தேன். அதில் கலவையின் அளவை மாற்றும் நட்டைத் திருகினேன். கூடவே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்பும் பாயிண்ட்டின் இடைவெளியையும் மாற்றி, அதோடு சேர்ந்த கண்டென்சரையும் மாற்றினேன். இருந்த பழுது ஒன்று. என் கைங்கர்யத்தில் அது மூன்றானது.

பதினாறாம் நாள், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின்மேல் இருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரால் எஞ்சினை மெல்லச் சுற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் முதல் பிளக்கின் முனையைக் காட்டியபோது அந்த சிலிண்டரின் இரு ராக்கர்களும் ஒன்று ஏற, ஒன்று இறங்கிக்கொண்டிருந்தன. 0.012 அங்குல இடைவெளியோடு இரண்டும் தளர்வாக ஆட வேண்டிய நேரம் அது! தண்டை உருவி, அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு, நட்டையும் பாயிண்ட் இடைவெளியையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்ததும் எஞ்சின் ஓடியது.

பிளக் வயர்களை அரைச் சுற்று மாற்றிச் செருகினாலே போதுமே என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். எஞ்சின் ஓடியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பின்னாளில் ஒருவர் கையேட்டைப் பார்த்து வயர்களை ஒழுங்காகச் செருகினால் அவர் புருவமும் போகும். மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாமே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வியே வீட்டில் செய்பவர்களுக்கானது.

என் ஆற்றாமை எல்லாம் ‘பிரித்த முறைக்கு நேர்மாறாகப் பூட்டவும்’ என்று ஒரே வரியில் கைகழுவிவிடும் கையேடுகள்மீதுதான். பிரித்தபோது எது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதைக் குறித்துவைக்காதவனுக்கு நேர்மாறு எங்கிருந்து கிடைக்கும்? இப்போது கழற்றுவதற்குமுன் ரோட்டார் நிற்கும் திசையை வரைந்துகொள்கிறேன். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து எழுதிவைக்கிறேன்.

உங்கள் எஞ்சினும் கார்புரேட்டர் வழியே தீ கக்கினால், முதலில் ராக்கர் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.