பெகோ மலைப் பாறைச் செதுக்கல்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரான்ஸின் தென்கிழக்கு ஓரத்தில், இத்தாலி எல்லையை ஒட்டி நிற்கிறது 2,872 மீட்டர் உயரமுள்ள மோன் பெகோ. அதைச் சுற்றியுள்ள மெர்வேய், ஃபோந்தனால்ப் பள்ளத்தாக்குகளில் சுமார் 40,000 செதுக்கல்கள் வெயிலிலும் பனியிலும் திறந்தே கிடக்கின்றன. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பாறையில் எதை வைத்துக் கீறினார்கள்?

பழைய உருவங்களில் பெரும்பாலானவை கீறியவை அல்ல, கொத்தியவை. அம்மி கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பனியாறு இழைத்து வழவழப்பாக்கிய பாறை அது. மேல்தோல் காவியாகவோ பச்சையாகவோ இருக்கும். குவார்ட்ஸ் போன்ற கெட்டியான கல்லின் கூரால் தட்டத் தட்ட, சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழி விழும். பக்கத்திலேயே இன்னொன்று. குழிகளை நெருக்கமாக வரிசை பிடித்தால் கொம்பு, நிரப்பினால் உடம்பு. முகத்தைத் தாழ்த்திப் பார்த்தால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகத் தெரியும். கண்ணால் மட்டும் பாருங்கள். கை வைக்காதீர்கள், பாறைமேல் ஏறாதீர்கள்.

கேள்வி: வயதை எப்படிக் கணித்தார்கள்? கார்பன் சோதனையா?

கொத்திய குழியில் கார்பன் சோதனைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. துப்பு கொடுப்பவை செதுக்கிய ஆயுதங்கள்தாம். முக்கோண அலகுள்ள குத்துவாள்கள் இங்கே நிறைய. அதே வடிவ வாள்கள் வட இத்தாலியில் ரெமெதெல்லோ கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுத்தான் செம்புக் காலம், வெண்கலக் காலத்தின் தொடக்கம் என்கிறோம். அதாவது சுமார் 4,000 முதல் 5,000 ஆண்டுகள்.

கேள்வி: முதலில் கண்டுபிடித்தவர் யார்?

மேய்ப்பர்களுக்கு எப்போதும் தெரியும். முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியவர் கிளாரன்ஸ் பிக்னெல். பாதிரியாராக இருந்த ஆங்கிலேயர், செடிகொடிகளில் ஆர்வம் கொண்டவர். 1897 முதல் கோடைதோறும் மலையேறி, பாறைமேல் தாளை விரித்து மெழுகால் தேய்த்துப் படி எடுத்தார். நாமும் தேய்க்கலாமா என்றால், கூடாது. சாக்பீஸும் கூடாது.

கேள்வி: கொம்புள்ள உருவங்கள் காளைக் கடவுள்தானே?

ஆன்ரி த லும்லே என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் 1967 முதல் தம் குழுவோடு இங்கே வேலை செய்தவர். காளை உருவில் இடி மழைக் கடவுள், கூடவே பூமித் தாய் என்பது அவர் வாசிப்பு. பிக்னெலோ, உழவர்கள் தங்கள் மாட்டையும் ஏரையும் செதுக்கினார்கள் என்றே கருதினார். எனக்குப் பிடித்தவை ஃபோந்தனால்பின் ஏர்கள். மேலிருந்து பார்ப்பது போலச் செதுக்கியிருப்பார்கள். இரண்டு மாடு, குறுக்கே நுகத்தடி, நடுவே நீளும் ஏர்க்கால், சிலவற்றில் பின்னால் ஓர் ஆள். மாடு பூட்டத் தெரிந்தவன் கை அது.

கேள்வி (அதே நபர்): 2,000 மீட்டருக்கு மேல் யார் உழுவார்கள்? அப்படியென்றால் கடவுள்தானே?

நல்ல மடக்கு. வயல் கீழே, கோடை மேய்ச்சல் மேலே. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவன் தன் ஏரை நினைத்துக் கொத்தியிருக்கலாம்.

கேள்வி (இன்னொருவர்): பொழுதுபோக்கு என்றால் வீடு, அடுப்பு, ஆடு, மான் எல்லாம் வந்திருக்குமே?

இதுதான் உறுதியான வாதம். பாதி நாள் இதிலேயே போனாலும் எனக்குச் சம்மதம். மாடு, ஏர், ஆயுதம், கட்டங்கள் என்று ஒரு சிறு பட்டியலே திரும்பத் திரும்ப வருகிறது. மனித உருவம் அபூர்வம். சும்மா உட்கார்ந்து கொத்துகிறவர்கள் இவ்வளவு கட்டுப்பாடாக இருக்க மாட்டார்கள். ஆகவே இது வழிபாடு அல்லது சடங்கு சார்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெளிநெளியாக நீளும் கொம்பை மின்னல் என்று சொல்லி, அங்கிருந்து ஒரு கடவுளை முழுசாகக் கட்டி எழுப்புவதற்கு நான் வரமாட்டேன். எழுத்து இல்லாத மக்கள். பெயர் கேட்டால் பாறை சொல்லாது.

கேள்வி: தலையில் கத்தி குத்திய ‘குலத்தலைவர்’ என்ற செதுக்கல் எங்கே?

தாந்த் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில். மலையில் இருப்பது நகல்.

கேள்வி: லாஸ்கோ ஓவியங்களை விடப் பழையதா?

இல்லை. அது குகை ஓவியம், பல ஆயிரம் ஆண்டு மூத்தது. தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை ஆண்டுப் பழமை?

மேலே சொல்லியிருக்கிறேன். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள்?

இல்லை.

கேள்வி: எப்போது போகலாம்? ஊன்றுகோல் கொண்டுபோகலாமா?

பனி உருகிய பிறகு, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. இது மெர்கந்தூர் தேசியப் பூங்கா. நாய்க்கு அனுமதி இல்லை. குறித்த பாதையை விட்டு விலக வழிகாட்டி வேண்டும். இரும்பு முனையுள்ள கோல் வேண்டவே வேண்டாம். 4,000 ஆண்டு தாங்கிய கொம்பின் மேல் ஒரே ஊன்றில் வெள்ளைத் தழும்பு விழுந்திருப்பதை அங்கே கண்ணால் பார்த்தேன், இன்னும் ஆறவில்லை. அப்புறம், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். சூரியன் சாய்ந்திருக்கும் வேளையில் அதே பாறைக்கு வாருங்கள். குழிகளில் நிழல் தேங்கி, வெறும் பாறையாக இருந்த இடத்தில் ஒரு ஜோடி மாடு நுகத்தோடு நிற்கும்.