பேட்டரி 91 சதவீதம் என்றார், சோதித்தால் 74: யார் மீது வழக்கு?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் பழைய கார் வியாபாரி ஒருவரிடம், வெளிநாட்டில் தயாராகி இறக்குமதியான சிறிய எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கினேன். நான்கு வருட வண்டி. "பேட்டரி ஹெல்த் 91 சதவீதம், கம்பெனி வாரண்டி இன்னும் 4 வருஷம் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். முழு சார்ஜில் 400 கிலோமீட்டர் ஓடும் என்றார், 260 தாண்டவில்லை. சர்வீஸ் சென்டரில் சோதித்தால் ஹெல்த் 74 என்கிறார்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லை, வாரண்டி கேட்க முடியாது என்றும் சொல்கிறார்கள். பெயர் மாற்றத்தை வியாபாரி இழுத்தடிக்கிறார். ரசீதில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று இருக்கிறது. இதற்கிடையே எங்கள் அடுக்குமாடிச் சங்கம், தீப்பிடிக்கும், பார்க்கிங்கில் சார்ஜ் போடாதே என்கிறது. யார் மீது வழக்குப் போடுவது?

பதில்: வியாபாரி மீதுதான். கார் கம்பெனியோடு மல்லுக்கட்டி நாளைக் கடத்தாதீர்கள்.

பல கம்பெனிகள் எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. ஆனால் அதில் அவர்கள் உறுதி சொல்வது, பெரும்பாலும், திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பதை மட்டுமே. ஹெல்த் என்பது, புதிதில் இருந்த திறனில் இன்று மீதி எவ்வளவு என்பது. உங்கள் பேட்டரி 74-ல் நிற்கிறது. ஆர்.சி. நாளைக்கே உங்கள் பெயருக்கு மாறினாலும், "இது வழக்கமான தேய்மானம்" என்று கம்பெனி சொல்லிவிடும். வாரண்டிப் புத்தகத்தில் 70 என்றிருந்தால் அந்தப் பதில் செல்லும். உங்கள் குறை வேறு. 91 என்று நம்பி அந்த விலையைக் கொடுத்தீர்கள். அந்தச் சொல் வியாபாரி சொன்னது, அதற்கு அவர்தான் பொறுப்பு.

அதனால் நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் புகாரில் 400 கிலோமீட்டர் என்ற எண்ணை முன்னால் வைக்காதீர்கள். ரேஞ்ச் என்பது ஏசி, வேகம், ஏற்றிய பாரம் என எல்லாவற்றையும் பொறுத்து மாறும். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே அதைக் கலைத்துவிடுவார். 91-க்கும் 74-க்கும் உள்ள வித்தியாசம் அப்படிக் கலையாது. சோதனை அறிக்கையை சர்வீஸ் சென்டரின் முத்திரை, தேதி, சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டரோடு எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லோ திரையின் போட்டோவோ போதாது. வியாபாரி அதை மறுத்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 38-வது பிரிவின்படி பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்தால் உத்தரவிட முடியும்.

வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் உயிர்நாடி. அதை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு ஒரு சான்று கேட்கிறது. புகாரோடு சேர்த்தே அதைக் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த "உள்ளது உள்ளபடி". நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றதெல்லாம் அச்சு. இந்த ஒரு வரி மட்டும் நீல மையில், உங்கள் கையெழுத்துக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது அது இருந்ததா? டெலிவரி எடுத்த அன்று வீட்டில் யாருக்காவது ரசீதைப் படமெடுத்து அனுப்பினீர்களா? தேடுங்கள். அந்தப் படத்தில் வரி இல்லையென்றால் வழக்கின் போக்கே மாறிவிடும். இருந்தாலும் கலங்க வேண்டாம். பொருளின் தரம் பற்றிய மறைமுக உறுதிகளை, அதாவது சொல்லாமலே இருப்பதாகச் சட்டம் கருதும் உறுதிகளை, ஒப்பந்தத்தால் விலக்கலாம் என்று சரக்கு விற்பனைச் சட்டம் 1930 சொல்வது உண்மைதான். ஆனால் தெரிந்தே சொன்ன பொய்யை இந்த மூன்று சொல் மூடிவிடாது. "வாங்கும்போதே நீ சோதித்திருக்கலாமே" என்றும் கேட்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு அந்த எதிர்வாதத்தை அனுமதிப்பது, தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும் மௌனமாக மறைத்ததற்கும்தான். பொய்யென்று தெரிந்தே எண்ணைப் போட்டு எழுதியவருக்கு அது கைகொடுக்காது. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைக் காட்டும் வேலை நம்முடையது. வண்டி வியாபாரி கைக்குப் போனபோது அவர் பேட்டரி அறிக்கை ஏதும் வாங்கினாரா என்று முதல் உரிமையாளரிடம் கேளுங்கள்.

அவரிடம் பேச இன்னொரு காரணமும் உண்டு. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட அவரே முன்வருவார். வண்டி வெளி மாநிலப் பதிவு என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்றும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50-வது பிரிவு. உங்களுக்கு அந்தக் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. அபராதம் கட்டி முடித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களோடு வரும். வண்டிச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. மழைத் தண்ணீரில் பேட்டரி போனால் இன்றைய நிலையில் உங்களுக்குக் காசு கிடைப்பது சந்தேகம்.

இறக்குமதி வண்டி என்பதால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கம்பெனியே இங்கே கொண்டுவந்து விற்றதா, தனிநபர் கொண்டுவந்ததா? தனிநபர் கொண்டுவந்தது என்றால் இங்குள்ள வாரண்டியே பொருந்தாமல் போகலாம். சுங்கத்தில் தாக்கலான இறக்குமதி ஆவணத்தின் நகலையும், தீர்வை கட்டிய ரசீதையும் கேட்டு வாங்கி, சேஸிஸ் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நிபந்தனையோடு தீர்வை விலக்குப் பெற்ற வண்டி, அந்த நிபந்தனையை மீறி விற்கப்பட்டிருந்தால் சுங்கச் சட்டம் 1962-ன் 111-வது பிரிவில் பறிமுதல் வரை போகும். அப்படி ஏதும் தெரிந்தால், வேறு எதையும் செய்யுமுன் என்னிடம் வாருங்கள்.

வியாபாரிக்கு உடனே ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். விஷயம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் பேசாமல் ஓட்டினால், வண்டியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆகும். ஐந்து மாதம் ஓட்டிய நிலையில், விலை வித்தியாசத்தை முதன்மைக் கோரிக்கையாகவும், வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவதை மாற்றுக் கோரிக்கையாகவும் வைப்பேன். பதில் வராவிட்டால், கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதையே அக்கம்பக்கத்து ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் கிடையாது, சிவில் நீதிமன்றம்தான். போலீஸ் புகாரில் ஆரம்பிக்காதீர்கள். "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

சார்ஜிங்கில் சங்கம் சொல்வது பாதி தவறு. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே உரிமையாளர் தன் வண்டியை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டு நெறிகள் 2022-லேயே சொல்லிவிட்டன. வண்டி சார்ஜுக்கெனத் தனி இணைப்பு கேட்கலாம் என்பது 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள். ஆனால் பார்க்கிங் பொது இடம். அங்கே வயர் போகும் பாதை, மீட்டர் வைக்கும் இடம், பாதுகாப்பு இவற்றில் நிபந்தனை போடச் சங்கத்துக்கு உரிமை உண்டு. அடியோடு தடுப்பதற்குத்தான் இல்லை.

நீங்கள் அனுப்பிய இன்னொரு படத்தில், இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கி, கீழே ஈரத் தரையில் சுருண்டு கிடக்கிறது. தயவுசெய்து இன்றோடு அதை நிறுத்துங்கள். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கிலேயே மணிக்கணக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். சங்கத்தின் பயத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுக்கிறீர்கள். நாளை வியாபாரியும் "சார்ஜ் போட்ட லட்சணத்தில் பேட்டரி போச்சு" என்பார். பொது மீட்டரிலிருந்தும் எடுக்காதீர்கள், அது மற்றவர்கள் கட்டும் பில். உங்கள் மீட்டரிலிருந்து தனி லைன், சரியான எர்த், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர், உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரின் சான்று: இவற்றோடு சங்கச் செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 7 கிலோவாட் சார்ஜர் வைப்பதானால் மின்வாரியத்தில் முதலில் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடை உயர்த்த வேண்டும். சங்கம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் தடையாணை கேட்டு சிவில் நீதிமன்றம் போக முடியும்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த ரசீதின் பழைய படத்தைத் தேடுங்கள். கிடைத்தால், நோட்டீஸில் என்ன எழுதுவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.