எழுத்தும் விற்பனையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் மனகோலம், தேன்குழல், சீப்புச்சீடை செய்து விற்கிறேன். ‘பாரம்பரியச் செட்டிநாட்டுச் சுவை’ என்ற வாசகத்துடன் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் நாள்தோறும் படம் அனுப்பியும், பழைய வாடிக்கையாளர்கள்கூட மறுபடி ஆர்டர் தருவதில்லை. வாசகத்தை மாற்ற வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வாசகத்துக்கு முன் வேறொன்றைக் கவனியுங்கள். பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒருமுறை வாங்கியவர் எண்ணைச் சேமிக்காமல் விட்டிருந்தால், நீங்கள் அனுப்பிய படம் ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டிருக்காது. ஆகவே பொட்டலத்துக்குள், ‘இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள், அடுத்த பலகாரம் என்றைக்கு என்று தெரிவிக்கிறோம்’ என ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள்.

இனி வாசகம். ‘கைப்பக்குவம்’, ‘பாரம்பரியம்’ என்று எழுதாத பலகாரக் கடையே இல்லை. செட்டிநாடு என்ற பெயரையோ, காரைக்குடிப் பக்கமே வராதவர்களும் மசாலாப் பொட்டலத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாங்குபவர், எந்த எண்ணெய், என்றைக்குச் செய்தது, எத்தனை நாள் தாங்கும், கூரியரில் நொறுங்காமல் வந்து சேருமா என்பவற்றைத்தான் அறிய விரும்புகிறார். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மனகோலம், அரைக் கிலோ. வியாழக்கிழமை செய்து வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம். கடலை எண்ணெய், வெல்லப்பாகு, நெய்யில் வறுத்த தேங்காய்ப்பல்.’ அடுத்த வரியில் விலை வரட்டும். எத்தனை நாள் கெடாது என்பதை, உங்கள் வீட்டு டப்பாவில் வைத்துப் பார்த்த பிறகே எழுதுங்கள்; தேங்காய் சேரும் பலகாரத்தில் தேன்குழலின் கணக்கு செல்லாது. ‘விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்’ என்பது, வாங்க வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பும் வேலை. உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணையும் பொட்டலத்தில் அச்சிடுங்கள். அது சட்டப்படி இருந்தாக வேண்டியது.

கேள்வி: நகரத்தார் திருமணச் சடங்குகளைப் பற்றிச் சொந்தச் செலவில் ஒரு நூல் வெளியிட்டேன். பிரதிகள் வீட்டிலேயே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பின்னட்டையில் அறிஞர் ஒருவரின் பாராட்டுரை இருந்தும் பயனில்லை.
– வாசகர், தேவகோட்டை

பதில்: பாராட்டுரை உங்களுக்கு மகிழ்ச்சி தரும், வாங்குபவருக்கு அதனால் ஆவது குறைவு. கழுத்துரு (நகரத்தார் திருமணத்தில் மணமகளுக்கு அணிவிக்கும் பெரிய தாலி) கோக்கும் நாளில் யார் யார் உடனிருக்க வேண்டும், எந்தப் பொருளை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று, கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் கேட்கப்படும் கேள்விகளில் நான்கைந்தைப் பக்க எண்ணோடு பின்னட்டையில் அச்சிட்டிருந்தால், நூல் யாருக்கானது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியிருக்கும். இருக்கும் பிரதிகளுக்கு அதையே ஒரு தனித்தாளாக அச்சிட்டு உள்ளே வைக்கலாம். புத்தகக் கடைகளைவிட, திருமண அழைப்பிதழ் அச்சிடும் அச்சகங்களும் வெளியூர்களில் உள்ள நகரத்தார் சங்கங்களும் உங்களுக்குப் பயன்படும் என்பது என் கருத்து. நூலுக்குரிய பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பெறவில்லையென்றால் மறுபதிப்புக்காவது விண்ணப்பியுங்கள். இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அதனால் விற்பனை அதிகரிக்காது. ஆனால் இத்துறையில் ஆய்வு செய்பவர்களுக்கு உங்கள் நூல் கிடைக்கும்.