வெளிநாட்டு செல்போன் கம்பெனி வருகிறதாம், ரீசார்ஜை நிறுத்தி வைக்கலாமா?

வளைகுடாவைச் சேர்ந்த பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று இந்தியாவுக்குள் வரப்போகிறது, பாதி விலைக்குச் சேவை தரப்போகிறது என்று சொல்லும் குரல்பதிவு ஒன்று தொண்டி முதல் இராமேசுவரம் வரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கே இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் ஆண்டுத் திட்டம் அடுத்த மாதம் முடிகிறது. மறுபடியும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கட்டி ஓராண்டுக்கு ரீசார்ஜ் செய்ய இருந்தேன். துபாயில் இருக்கும் மகன், "அவசரப்படாதீங்க வாப்பா, இங்கே உள்ள கம்பெனி அங்கே வரப்போகுது" என்கிறான். காத்திருக்கலாமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: காத்திருக்க வேண்டாம். ஆனால் உங்கள் மகன் சொல்வது முழுக்கக் கற்பனை என்றும் நான் சொல்ல மாட்டேன். எதிசலாத் என்ற பெயரில் நாம் அறிந்திருந்த அமீரக நிறுவனம், 2022 முதல் பிரிட்டனின் வோடபோன் குழுமத்தில் பங்குகளை வாங்கி, அதன் முக்கியப் பங்குதாரராக உயர்ந்தது. அந்த வோடபோனுக்கு நம் நாட்டின் வி, அதாவது வோடபோன் ஐடியா நிறுவனத்தில் பங்கு உண்டு. இந்த இரண்டு செய்திகளையும் யாரோ முடிச்சுப் போட்டதில்தான் ‘அரபுக் கம்பெனி வருகிறது’ என்ற பேச்சு பிறந்திருக்க வேண்டும். பங்கு வைத்திருப்பதும் இங்கே வந்து சிம் விற்பதும் ஒன்றல்ல. அரசுக்குத் தர வேண்டிய நிலுவை 2025இல் பங்காக மாற்றப்பட்ட பிறகு, வி நிறுவனத்தில் ஏறத்தாழ 49 விழுக்காட்டுடன் மிகப்பெரிய பங்குதாரராக ஆனது இந்திய அரசே.

வெளிநாட்டு நிறுவனம் வரச் சட்டம் தடையாக இல்லை. எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு உண்டு. மற்றபடி 2021 முதல் தொலைத்தொடர்பில் நூறு விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்தே இருக்கிறது. பணம்தான் தடை. தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும், அலைக்கற்றையை ஏலத்தில் எடுக்க வேண்டும், அதன் பிறகு ஊர் ஊராக டவர் வேண்டும். 2022 ஏலத்தில் விற்ற அலைக்கற்றையின் மொத்த மதிப்பு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். 2024 ஜூனில் நடந்த ஏலத்துக்கு ஏற்கெனவே இங்கிருக்கும் மூன்று தனியார் நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் வரவில்லை.

வந்தவர்களின் கதையையும் பார்த்துவிடுங்கள். அதே எதிசலாத், இந்தியக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து முன்பே இங்கு வந்த நிறுவனம்தான். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபோது அதன் உரிமங்களும் போயின. அதே தீர்ப்புக்குப் பின், 2009இல் தமிழ்நாட்டுக்கும் வந்திருந்த நார்வேயின் டெலினார், அதாவது யூனிநார், நம் மாநிலத்தை விட்டு விலகியது. மற்ற மாநிலங்களில் மீதமிருந்த சேவையையும் 2018இல் ஏர்டெல்லிடம் ஒப்படைத்தது. ஜப்பானின் டோகோமோ டாடாவுடன் சேர்ந்து 2009இல் ஒரு வினாடிக்கு ஒரு காசு என்று கட்டணம் வைத்தபோது, நிமிடக் கணக்கில் வசூலித்துக்கொண்டிருந்த மற்ற நிறுவனங்களும் வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தன. அந்நிய நிறுவனத்தின் வரவால் நமக்கு நேரடியாகக் கிடைத்த நன்மை அது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2014இல் டோகோமோவும் வெளியேற முடிவெடுத்தது.

நாளைக்கே ஒரு புது நிறுவனம் உரிமம் பெற்றாலும், அது சென்னையையும் கோவையையும் மதுரையையும் முடித்துக்கொண்டு நம் கரைக்கு வந்துசேர ஆண்டுகள் ஆகும் என்பது என் கணிப்பு. இருக்கும் நிறுவனங்களோ 2019, 2021, 2024 என்று மூன்று முறை கட்டணத்தை ஏற்றிவிட்டன. ஒரு முறை பணம் கட்டி எடுத்த திட்டம், அதன் காலம் முடியும் வரை கட்டண உயர்வுக்கு உட்படாது. எனவே வரும் என்று சொல்லப்படும் மலிவு விலையைவிட, வரக்கூடிய விலையேற்றத்தையே நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறினால், கட்டிய ப்ரீபெய்டு பணத்தில் மீதமுள்ளது புது நிறுவனத்துக்கு வராது, திரும்பவும் கிடைக்காது. உங்கள் ஊரின் பழைய வீடுகளில் சுவர்கள் தடிமன். வாசலில் நான்கு கோடு காட்டும் சிக்னல் உள்ளறையில் ஒன்றாகிவிடும். உள்ளறையிலும் கடையிலும் பேச்சு தடையின்றிக் கேட்கிறதென்றால் ஆண்டுத் திட்டத்தை எடுங்கள். கேட்கவில்லை என்றால் 84 நாள் திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேருந்து நிறுத்தத்தின் அருகே குடை போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள், வரப்போகும் வெளிநாட்டு கம்பெனியின் சிம்முக்கு முன்பதிவு என்று 500 ரூபாயும் ஆதார் நகலும் வாங்கிக்கொண்டார்கள். இரசீதின் படத்தை இணைத்திருக்கிறேன். இது நம்பக்கூடியதுதானா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: இல்லை, அம்மா. இரசீதின் மேலே ஒரு பளபளப்பான சின்னம், நடுவில் ‘சிம் முன்பதிவு’, கீழே ஒரு கைபேசி எண். ஜிஎஸ்டி எண் இல்லை, நிறுவனத்தின் முகவரி இல்லை, பணம் எதற்கு என்ற கட்டத்தில் ‘ரீஃபண்டபிள்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. எப்போது, யார் திருப்பித் தருவார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. உரிமமே பெறாத நிறுவனத்தின் சிம்மை இந்த நாட்டில் எவரும் விற்கவோ பதிவு செய்யவோ முடியாது.

ஐந்நூறு ரூபாயைவிட அந்த ஆதார் நகல்தான் எனக்குக் கவலை தருகிறது. 2024 ஜனவரி முதல் சிம் வாங்கக் காகித நகல் கொடுக்கும் முறையே எடுக்கப்பட்டுவிட்டது. சரிபார்ப்பு முழுவதும் மின்னணு முறையில்தான் நடக்கிறது, விற்பவரும் நிறுவனத்திடம் முறையாகப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். ஆகவே மேசை போட்டு ஜெராக்ஸ் கேட்பவரைப் பார்த்தாலே விலகிவிட வேண்டும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய், உங்கள் எண்ணைக் கொடுத்து, உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்ப்பது. நீங்கள் வாங்காத எண் அங்கே தெரிந்தால், ‘என்னுடையது அல்ல’ என்று அங்கேயே குறிக்கலாம். அடுத்த சில மாதங்களுக்கு அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நகலை வாங்கியவர்கள் உடனே பயன்படுத்துவார்கள் என்பதில்லை. உங்கள் கைரேகையை வேறெவரும் பயன்படுத்தாதபடி ஆதாரின் கைரேகைப் பூட்டையும் போட்டு வையுங்கள். பணத்துக்கு, இரசீதோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். யுபிஐ மூலம் அனுப்பியிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு இன்றே பேசுங்கள்.

கேள்வி: அரிச்சல்முனையில் சங்குப் பொருள் கடை வைத்திருக்கிறேன். மத்தியான நேரத்தில் போனில் எங்கள் நெட்வொர்க் பெயர் மறைந்து இலங்கைக் கம்பெனி ஒன்றின் பெயர் வருகிறது. இலங்கைக்கு நல்வரவு என்று எஸ்எம்எஸும் வந்தது. அந்தக் கம்பெனி இங்கே டவர் போட்டுவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். போன மாத போஸ்ட்பெய்டு பில்லில் ரோமிங் என்று 1,140 ரூபாய் ஏறியிருக்கிறது. கட்டத்தான் வேண்டுமா? (வாசகர், இராமேசுவரம்)

பதில்: இங்கே எவரும் டவர் போடவில்லை. நீங்கள் கடை வைத்திருக்கும் இடத்திலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நடுவே மலையோ கட்டடமோ இல்லாத வெறும் கடல் என்பதால் அந்தக் கரை டவரின் அலை இந்தக் கரை வரை வருகிறது. நம் பக்கத்து சிக்னல் அந்த மணல்திட்டில் மெலியும்போது, தானாக நெட்வொர்க் தேடும்படி விடப்பட்ட போன், கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வெளிநாட்டுப் போட்டியில் நாமும் அங்கே போய்ப் பார்த்தவர்கள்தான் என்பது ஒரு வேடிக்கை: 2009இல் இலங்கையில் சேவை தொடங்கிய ஏர்டெல், 2024இல் அங்குள்ள டயலாக் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

சர்வதேச ரோமிங் வசதி திறந்திருந்தால் மட்டுமே இப்படிக் கட்டணம் ஏறும். எப்போதோ வெளிநாடு போனபோது திறந்துவிட்டு, ஊர் திரும்பியதும் மூட மறந்தவர்கள் நம் பகுதியில் நிறைய. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி அந்த வசதியை மூடச் சொல்லுங்கள். போனின் அமைப்பில் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தின் பெயரை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். ரோமிங்கில் இருக்கும்போது வரும் அழைப்பை எடுத்தாலும் கட்டணம் உண்டு என்பதைக் கடையில் வேலை செய்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

பில்லைப் பொறுத்தவரை, ரோமிங் தொகையை விடுத்து மற்றதைத் தவணைக்குள் கட்டிவிட்டு, அந்த 1,140 ரூபாயை மறுத்துப் புகார் பதியுங்கள். மொத்த பில்லையும் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அந்த நாட்களில் நீங்கள் இந்திய மண்ணில்தான் இருந்தீர்கள் என்பதற்கு, கடையின் க்யூஆர் கோடு வழியே அதே நாட்களில் வந்த பணவரவுப் பட்டியலும் உங்கள் கடவுச்சீட்டும் போதுமான சான்றுகள். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. அதற்கு மேல் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் பல காலம் வாதாடிவந்தன, 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரோமிங்கைத் திறந்து வைத்தது நீங்கள்தான் என்று நிறுவனம் வாதிடும் என்பதால் முழுத் தொகையும் திரும்பும் என்று நான் உறுதி கூற மாட்டேன், ஆனால் நல்லெண்ண அடிப்படையில் குறைத்துத் தருமாறு முதல் அழைப்பிலேயே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏர்செல் மூடியபோது பத்து வருடம் வைத்திருந்த எண் போய்விட்டது. புதுக் கம்பெனி எதற்குப் போனாலும் இந்தக் கதிதானா? (வாசகர், சாயல்குடி)

பதில்: 2018 பிப்ரவரியில் இந்த மாநிலம் முழுவதும் உங்களைப் போன்றவர்கள் ஏர்செல் கடை வாசல்களில் நின்றார்கள். மலேசியாவின் மேக்சிஸ் பெரும்பங்கு வைத்திருந்த நிறுவனம் அது. நம் ஊர்களில் அதைத் தவிர வேறெதுவும் எடுக்காத இடங்கள் இருந்தன. டவர்கள் அணைந்தபின் எண்ணை மாற்ற முயன்றவர்களுக்கு, மாறுவதற்குத் தேவையான குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்துசேரவே இல்லை. எனவே சிக்னல் விட்டுவிட்டு வரத் தொடங்கும்போதே, முழுதாக நிற்கும் வரை பொறுக்காமல், வெளியேறிவிட வேண்டும்.

முறை எளிதுதான். போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க எண்ணையும் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் குறியீடு வரும், அது நான்கு நாட்கள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்களாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியவர்கள் ஏழு நாள் பொறுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மாறுவதற்கு மூன்று வேலை நாட்கள் ஆகும். வங்கிக் கணக்கும் எரிவாயு இணைப்பும் சேர்ந்திருக்கும் எண்ணை, புதிதாக வரும் எந்த நிறுவனத்துக்கும் முதல் ஆண்டில் மாற்ற வேண்டாம் என்பது என் ஆலோசனை; ஆசை இருந்தால் இரண்டாவது சிம்மாக வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் வெளிநாட்டு கம்பெனி டவர் வைக்கப் போவதாகவும், மாதம் 40,000 ரூபாய் வாடகை என்றும், முதலில் தடையில்லாச் சான்றுக்கு 18,500 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் கடிதம் வந்திருக்கிறது. ட்ராய் முத்திரைகூட இருக்கிறது. (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். டவருக்காக நில உரிமையாளரிடமிருந்து ட்ராயும் தொலைத்தொடர்புத் துறையும் கட்டணம் வாங்குவதில்லை, தடையில்லாச் சான்றும் தருவதில்லை. உண்மையான டவர் நிறுவனம் உங்களுக்குத்தான் பணம் தரும். கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்து, அதோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல் எடுப்பதில்லை. மச்சான் கத்தாரிலிருந்து சாட்டிலைட் போன் வாங்கி வரட்டுமா என்கிறார். ஸ்டார்லிங்க் வந்தால் படகிலேயே செல் எடுக்கும் என்றும் சொல்கிறார்கள். (வாசகர், பாம்பன்)

பதில்: மச்சானிடம் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். எல்லைக் கடலில் தொழில் செய்யும் உங்களிடம் அது பிடிபட்டால் கடலோரக் காவல் படையிடம் விளக்கம் சொல்லி மாளாது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது உண்மை. ஆனால் அது தட்டு வைத்துச் செயற்கைக்கோள் வழியே எடுக்கும் இணையச் சேவை, உங்கள் கையிலுள்ள போனில் போடும் சிம் அல்ல. படகுக்கு விஎச்எஃப் என்ற வானொலிப் பேச்சுக் கருவியைப் பழுதின்றி வைத்துக்கொள்ளுங்கள். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி படகுகளுக்கு மீன்வளத் துறை வழியே இலவசமாகப் பொருத்தப்படுகிறது. ஆபத்துச் செய்தியைக் கரைக்கு அனுப்பவும் வானிலை எச்சரிக்கையைப் பெறவும் அது உதவும். உங்கள் படகுக்கு இன்னும் பொருத்தவில்லை என்றால், பதிவுச் சான்றுடன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.