எந்தக் கால் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எங்கள் பட்டு, வெள்ளை நிற ஷிட்சு நாய். இரண்டரை வயது. நான்கைந்து மாதமாக முன்னங்கால் இரண்டையும் ஓயாமல் நக்குகிறது. சில நேரம் முன்பல்லால் 'நறநற'வென்று கடிக்கிறது. பாதத்து முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டது. ரத்தம் கசிந்து காய்கிறதோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும், "கெட்ட பழக்கம், அதட்டினால் நின்றுவிடும்" என்கிறார்கள். உணவை மாற்றிப் பத்து நாள் பார்த்தேன், பயனில்லை. அலர்ஜியாக இருக்குமா டாக்டர்?
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த நிறத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். அது ரத்தம் இல்லை, எச்சில்தான். நாயின் எச்சிலிலும் கண்ணீரிலும் போர்ஃபைரின் என்ற நிறமி உண்டு. முடி திரும்பத் திரும்ப எச்சிலில் நனைந்து காய்ந்தால் துருநிறம் ஏறிவிடும். கறுப்பு நாயும் இப்படித்தான் நக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. பட்டு வெள்ளையாக இருந்ததால் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இரண்டாவது, அதட்டாதீர்கள். நமக்குக் கொசு கடித்த இடத்தைச் சொறியாதே என்று யாராவது கத்தினால் அரிப்பு நின்றுவிடுமா? அதட்டினால் கட்டிலுக்கு அடியில் போய் நக்குவாள். உங்களுக்குத்தான் தெரியாமல் போகும்.

இனி கேள்விக்கு வருகிறேன். என்னிடம் இப்படி ஒரு நாய் வந்தால் நான் முதலில் கேட்பது, "எந்தக் கால்?" என்றுதான். ஒரே ஒரு காலை மட்டும் நக்கினால் அந்தக் காலில்தான் ஏதோ இருக்கிறது: முள், வெட்டு, உடைந்த நகம், விரலிடுக்கில் கட்டி. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் வீட்டு நாயே ஒருமுறை ஒரு பின்னங்காலை மட்டும் நான்கு நாள் நக்கியது. 'இதுவும் அலர்ஜிதான்' என்று நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் விரலிடுக்கு வீங்கியபோது பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு புல்விதை. அதன் கூர்முனை சதைக்குள் முன்னேறிக்கொண்டே போகும், பின்னால் திரும்பாது. நல்லவேளை, அதிகம் போகவில்லை.

பட்டு இரண்டு கால்களையும் கடிக்கிறாள். இரண்டு வயதை ஒட்டித் தொடங்கியிருக்கிறது. இது அலர்ஜி பக்கம்தான் கை காட்டுகிறது. தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், பூஞ்சை போன்றவை ஒத்துக்கொள்ளாத நாய்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொல்லை ஆரம்பிக்கும். நமக்கென்றால் தும்மல் வரும். நாய்க்கு அரிப்பு வரும். பாதம், காது, அக்குள், தொடையிடுக்கு, முகம் என்று அதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன. பட்டு தலையை அடிக்கடி உதறுகிறாளா, காதில் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்தில் சில மாதங்கள் மட்டும் தொல்லை என்றால் மகரந்தத்தைச் சந்தேகிக்கலாம். வருடம் முழுக்க என்றால் வீட்டுத் தூசியோ உணவோ காரணமாக இருக்கலாம்.

உருவம் சின்னது என்பதற்காக அலர்ஜி வருவதில்லை. ஆனால் சின்ன நாய்க்கு வயிறு தரையை ஒட்டி இருக்கும். நடக்கும்போது புல்லும் தூசியும் வயிற்றிலேயே உரசும். பட்டு மாதிரி நீள முடி நாய்களுக்கு விரலிடுக்கு முடியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, நாய்க்கு வியர்ப்பதே பெரும்பாலும் பாதத்தில்தான். அந்த ஈரத்தில் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும். பாதத்தை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, பிசுபிசுப்பு, நகத்தின் அடியில் பழுப்புக் கறை இருந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அலர்ஜிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அரிப்பு பாதிதான் குறையும். மருத்துவர் ஒரு டேப்பை ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரிந்துவிடும். தோலுக்குள் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டியும் பார்ப்பார். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் தெள்ளுப்பூச்சிக்கான மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

நீங்கள் உணவை மாற்றிப் பார்த்த பத்து நாள் கணக்கில் சேராது. எட்டு வாரமாவது வேண்டும். இன்னொன்று, என்ன மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. பலர் பாக்கெட்டை மாற்றுவார்கள். உள்ளே அதே கோழி இருக்கும். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாமல் போவது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. அதுவரை சாப்பிட்டே இராத ஒரு இறைச்சி, அல்லது புரதத்தை நுணுக்கமாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டும். மட்டும் என்றால் மட்டும்தான். ஒரு வீட்டில் ஆறு வாரம் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். பிஸ்கட் இல்லை, எலும்பு இல்லை. ஆனாலும் நக்குவது குறையவில்லை. கடைசியில் பார்த்தால், தினமும் இரவு நாய்க்குப் பல் துலக்கிய பேஸ்ட் கோழிச் சுவை! சுவையூட்டிய குடற்புழு மாத்திரையும் இதே வேலையைச் செய்யும்.

அரிப்பு குறைந்த பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பிவிடும். இதைச் சொன்னாலே, "நல்லா இருக்கிற நாயைக் கெடுக்கணுமா டாக்டர்?" என்பார்கள். வேறு வழியில்லை, உறுதி செய்துகொள்ள அது ஒன்றுதான் வழி. உணவு அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை செய்து பணத்தை வீணாக்க வேண்டாம். அதை நம்ப முடியாது.

உணவு காரணம் இல்லை என்று தெரிந்தால் அரிப்பை அடக்க ஒக்லாசிடினிப் மாத்திரை, லோகிவெட்மாப் ஊசி என்று நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன், கட்டுக்குள் வைக்கலாம். அதுவரை வெளியே போய் வந்ததும் சாதாரணத் தண்ணீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். துடைப்பதுதான் முக்கியம். நமக்கு வைத்திருக்கும் களிம்பு எதையும் தடவாதீர்கள். தடவியது அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகும். சொரியாசிஸ் களிம்பில் உள்ள கால்சிபோட்ரையால், வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் இரண்டும் சின்ன நாயைச் சாய்த்துவிடும். டீ ட்ரீ எண்ணெயும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்குப் பதினொரு வயது. இடது முன்காலில், பாதத்துக்குச் சற்று மேலே, ஒரே இடத்தை நக்குகிறது. இந்த வயதில் அலர்ஜி வருமா?
- ஒரு வாசகர்

பதில்: வரக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் ஒரே கால், ஒரே இடம், பதினொரு வயது என்றால் என் சந்தேகம் அலர்ஜியில் இல்லை. மூட்டு வலித்தாலும் நாய் அந்த இடத்தை நக்கும். தூங்கி எழுந்ததும் விறைப்பாக நடக்கிறதா என்று கவனியுங்கள். அதற்கு முன்னால் இன்னொன்று. காலின் உள்பக்கம் சற்று மேலே பெருவிரல் மாதிரி ஒரு நகம் இருக்கும். அது தரையில் படாது, தேயாது. வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும்; அந்த அடர்ந்த முடியில் வெளியே தெரியவும் தெரியாது. இன்றைக்கே முடியை விலக்கிப் பாருங்கள். இறங்கியிருந்தால் வீட்டில் வெட்டாதீர்கள், மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.