வேர்க்காத குதிரையில் சவாரி வேண்டாம்

பெரியகல்லாற்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த 6 வயதுக் காயடித்த குதிரையொன்றை மூன்று வாரத்துக்கு முன் வாங்கி வந்திருக்கிறார். 17 வயது மகளுக்குச் சவாரி பழக்கி, பிறகு தடை தாண்டும் போட்டிக்கும் அனுப்ப ஆசை. "ஏறப்போனால் நிற்கிறானில்லை. கடிவாள வாரை இழுத்தால் நிற்பதற்குப் பதில் இன்னும் பறக்கிறான். தவிடு தாராளமாக வைத்தும் மெலிகிறான். மற்றப்படி திடமான குதிரை, இந்தக் கச்சான் காத்து வெக்கையிலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. எத்தனை மாதத்தில் பழகுவான்?"

தம்பி, நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த வேர்வைக் கதைதான் என்னைப் பதற வைத்தது. நாம் சட்டை நனைந்து நிற்கிற வெக்கையில் ஒரு குதிரை உலர்ந்த தோலோடு நின்றால் அது திடம் இல்லை, வருத்தம். முதலில் அதைப் பார்ப்போம். மகள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

குதிரை தன் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வேர்த்துத்தான் ஆற்றும். நாயைப்போல நாக்கைத் தொங்கப்போட்டு ஆற்ற அதற்கு வராது. உங்கள் குதிரை கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, குளிரில் நின்றது. ஒரே நாளில் லொறியில் இறக்கிக் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கட்டியிருக்கிறீர்கள். இரவிலும் ஆறாத புழுக்கத்தில் வேர்வைச் சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்து, சில குதிரைகளில் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும். பிடரி மயிருக்குக் கீழும் பின்கால் இடுக்கிலும் மட்டும் ஈரம் இருக்கும், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும். நெற்றி மயிர் உதிரும். நிழலில் சும்மா நிற்கும்போதே மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடும்.

நாளைக்கே செய்ய வேண்டியது இது. பொழுது விடியுமுன் ஒருதரம், பின்னேரம் இரண்டு மணிக்கு ஒருதரம், ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். வெப்பமானியின் வெளிமுனையில் ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே போய்விட்டால் எடுக்கப் பாடுபட வேண்டும். 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை சரி. விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள்: ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16. பின்னேரம் சும்மா நிற்கையில் சூடு 39ஐத் தாண்டி, மூச்சு 40, 50 என்று போனால் மிருக வைத்தியரை அன்றே கூப்பிடுங்கள். தோலுக்குள் சிறிதளவு மருந்தை ஏற்றி அந்த இடம் வேர்க்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. சூடு 40ஐத் தொட்டால் வைத்தியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாளி வாளியாகத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை இழுத்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். அது சரியில்லை.

இதற்கு நிச்சயமான மருந்து கிடையாது. நிழல், காற்றாடி, எந்நேரமும் தண்ணீர், தீனியில் நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி சாப்பாட்டு உப்பு. வேலை எல்லாம் சூரியன் கிளம்புமுன் முடிய வேண்டும். நாளுக்கு 40, 50 லீற்றராவது குடிக்கிறானா என்று வாளிக் கணக்கில் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கிணறுகள் சில கச்சான் காத்துக் காலத்தில் உவர்த்துப்போகும். நீங்கள் வாயில் வைத்துப் பார்த்துத் துப்புகிற தண்ணீரை அவனும் குடிக்கமாட்டான். இதெல்லாம் செய்தும் வேர்வை திரும்பவில்லை என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு அவனை மலைநாட்டுக்கே அனுப்புவதுதான் நியாயம். குதிரை என்றால் நெடுந்தீவில் வெயிலில் நிற்கிறதுதானே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கட்டைக் குதிரைகள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவை. இவன் வேறு சாதி.

சரி, மெலிவு. பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவைக்கு வயிற்றில் புண் இருக்கும். தானியத்தை அள்ளிக்கொடுத்து, புல்லைக் குறைத்து, லாயத்தில் அடைத்து வளர்ப்பதன் பலன் அது. தீனித்தொட்டியை விட்டு விலகுவது, வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது எல்லாம் அதன் அறிகுறி. மருந்து இருக்கிறது, வைத்தியர் தருவார். ஆனால் புல் போகாமல் அது ஆறாது. 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 9 கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆக, வெட்டிய புல்லாக 40 கிலோவாவது போட வேண்டும். வைக்கோல் வாய்க்கு வேலை கொடுக்கும், சத்துக் கொடுக்காது.

தவிட்டைத் தாராளமாக வைப்பதுதான் நம் ஆட்கள் செய்கிற பெரிய பிழை. மாட்டுக்கு ஒத்துப்போவது குதிரைக்கு ஒத்துப்போகாது. தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பிலிருந்து கல்சியம் இறங்கி முகவெலும்பு வீங்கும், நொண்டும். மாட்டுப் பண்ணைகளில் வெட்டும் நேப்பியர் வகைப் புல்லும் கினிப் புல்லும் இருக்கிற கல்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. ஆகவே தவிட்டைக் குறைத்து, பல வகைப் புல் கலந்து, கல்சியத் தூள் எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். கொழுப்பேற்ற வேண்டுமானால் தீனியில் தேங்காயெண்ணெய் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

கல்லாற்று வளவு முழுக்க மணல். நிலத்தில் போட்ட தீனியோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும், வயிற்றுவலி வரும். ஒரு சோதனை சொல்கிறேன். நிலத்தில் படாத சாணி உருண்டை ஐந்தாறை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு மூலை கீழே வரும்படி கட்டித் தொங்கவிடுங்கள். கால் மணித்தியாலம் கழித்து அந்த மூலையை விரலால் நெருடிப் பாருங்கள். ஒரு கரண்டிக்குக் கிட்ட மணல் திரண்டிருந்தால் உள்ளே அதைவிட அதிகம் கிடக்கிறது. தீனியை உயர்ந்த தொட்டியில் வையுங்கள், கீழே பழைய ரப்பர் விரிப்பைப் போடுங்கள்.

வேலியோரம் அலரி நின்றால் இன்றைக்கே குதிரைக்கு எட்டாமல் பண்ணுங்கள். கோயில் பூ என்று எல்லா வளவிலும் நிற்கிறது. ஒரு கைப்பிடி இலை ஒரு குதிரையைக் கொன்றுவிடும், வெட்டிக் காய்ந்த கிளையிலும் நஞ்சு குறையாது. ஏற்பு வலித் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

இனிப் பழக்கம். உங்கள் குதிரை முரண்டு பிடிக்கவில்லை தம்பி. படித்த பாடத்தைத்தான் ஒப்புவிக்கிறான். பந்தய லாயத்தில் நடந்துகொண்டிருக்கும் குதிரையின் மேல் ஜொக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நின்ற இடத்தில் ஆள் ஏறுவதை அவன் கண்டதே இல்லை. ஜொக்கியின் கால் முதுகோரம் மடிந்திருக்கும், விலாவில் படாது. மகள் காலைத் தொங்கவிட்டு அணைத்தால் அவனுக்கு அது புதினம். வாரும் அப்படித்தான். ஜொக்கி இரண்டு வாரையும் இறுக்கிப் பிடிக்க, குதிரை அந்தப் பிடியில் சாய்ந்து உந்தி ஓடும். இழுத்தால் "போ" என்று பொருள். நானே இதை மறந்து, வந்து இரண்டு கிழமைகூட ஆகாத ஒரு குதிரையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். நீண்ட வெறும் மணல் அவன் கண்ணுக்குப் பந்தயத் திடலாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் இழுக்க இழுக்க அவன் பறந்தான். வலைக்காரர்கள் கையைக் காலை ஆட்டிக் கத்தினார்கள். கடைசியில் அவனாகக் களைத்துத்தான் நின்றான்.

ஆகவே இரண்டு கையாலும் இழுக்கக்கூடாது. ஒரு பக்க வாரை மெல்ல எடுத்து வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள், அவன் தணிந்த அந்தக் கணமே விடுங்கள். பிடிப்பதைவிட விடுவதில்தான் அவன் படிப்பான். அதற்கும் முதல், ஆள் ஏறாமலே நீண்ட கயிற்றில் வட்டமாக நடக்கவும் பெருநடை போடவும் "ஹோ" என்றதும் நிற்கவும் பழக்குங்கள். 10, 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சின்ன வட்டம் மூட்டை வருத்தும். ஒரு பக்கம் சுகமாக வளைவான், மறுபக்கம் கட்டைபோல வருவான். அந்த மறுபக்கத்தில் பொறுமையாக நில்லுங்கள். ஏறுவதற்கு ஒரு பலமான மரப்பெட்டி வையுங்கள். முதல் நாள் பக்கத்தில் நிறுத்திப் பிடரியைச் சொறிந்துவிட்டுக் கூட்டிப்போய்விடுங்கள். இன்னொரு நாள் சேணத்தின் மேல் வயிற்றைச் சாய்த்துவிட்டு இறங்குங்கள். அப்புறம்தான் கால் போடுவது. பந்தயச் சேணம் ஒரு கிலோகூட வராது. சவாரிச் சேணம் அதைப்போலப் பல மடங்கு பாரம், அதில் ஆளும் அழுந்தி உட்காருவார். முதுகுத் தசை சேராமல் ஏறினால் முதுகு நோகும், நொந்தால் எறிவான்.

தனியாகக் கட்டாதீர்கள். ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டால் போதும், பெரிய பந்தய லாயங்களிலேயே அப்படி விடுவார்கள்.

காலம் கேட்டீர்கள். ஓடிய தசையும் மனமும் இளக இரண்டு மூன்று மாதம் சும்மா விடுவது நல்லது. இப்போதிருந்து மாரி பிடிக்கும்வரை உடம்பைத் தேற்றுங்கள், கயிற்றுப் பழக்கத்தை மெல்லத் தொடங்குங்கள். மாரியில் குளம்புக்கு உலர்ந்த இடம் முக்கியம். சேற்றில் நின்றால் உள்ளங்கால் அழுகி நாறும். பந்தயக் குதிரைக்குக் குளம்புச் சுவர் மெல்லியது, 5, 6 கிழமைக்கு ஒருதரம் லாடம் அடிப்பவர் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் இப்போதே பேசி வையுங்கள். தைக்குப் பிறகு வெக்கை தணிந்திருக்கும் மாதங்கள்தான் மகள் ஏறுவதற்குத் தோதானவை. அதற்குள் முன்கால் தசைநாண்களையும் மூட்டுகளையும் வைத்தியர் பார்த்து, தேவையென்றால் எக்ஸ்ரேயும் எடுத்திருக்க வேண்டும். பழைய நாண் காயம் இருந்தால் சவாரி பரவாயில்லை, தடை தாண்டல் வேண்டாம்.

கால் நன்றாக இருந்தால் நிலத்தில் கழிகளை 1.3 மீற்றர் இடைவெளியில் போட்டுப் பெருநடையில் தாண்டவிடுங்கள். பிறகு 40, 50 சென்ரிமீற்றர் குறுக்குக் கழி. முதல் போட்டிக்கு 60 சென்ரிமீற்றர் போதும். அமெரிக்காவில் ஓய்ந்த பந்தயக் குதிரைகளுக்கென்றே நடக்கும் போட்டியொன்றில் ஏறக்குறைய 10 மாதப் பயிற்சியோடு வந்து காட்டுகிறார்கள், அவர்களில் பலர் தொழிற்காரர்கள். பந்தயம் ஓடி ஓய்ந்த பிளாக்ஃபுட் மிஸ்ட்ரி என்ற குதிரை 2016 ரியோ ஒலிம்பிக் வரை போயிருக்கிறது, மகளுக்குச் சொல்லுங்கள். அதோடு 2021இல் டோக்கியோவில் இலங்கைக்காகத் தடை தாண்டலில் இறங்கிய மத்தில்டா கார்ல்சனைப் பற்றியும் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானி வைத்த கணக்கை ஒரு கிழமைக்கு எழுதி அனுப்புங்கள், காலையும் பின்னேரமும் தனித்தனியாக. அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.